கிறீம் நிறக் காரில் ஒரு குங்குமப் பொட்டு

என் கையெழுத்து வாசிக்கக் கஷ்டமாக இருக்கும். பிழைகளும் நிறைய வரும். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் என்று நினைத்து மன்னித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளைக் கொண்டு எழுதுவித்திருக்கலாம்தான். ஆனால் இதை நானே எழுத வேண்டும் என்று தோன்றியது.

நடந்தது என் மகளின் கல்யாணத்தன்று காலை, ரொறன்ரோவில், மல்வேர்னில் எங்கள் வீட்டு வாசலில்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் இருக்கிறார். இங்கிலாந்தில் பிறந்து இளவயதில் இங்கே வந்தவர். பனி கரைந்ததும் அவருடைய கராஜ் திறக்கும். உள்ளே ஒரு பழைய இங்கிலாந்துக் கார், ஏ-40. யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு ஹயர் ஓடினதே, பெற்றோல் கிடையாத காலத்தில் மண்ணெண்ணெயிலும் ஓடினதே, அதே கார். முதல்தரம் கண்டபோது நடுத்தெருவில் நின்றுவிட்டேன். அவர் கைகாட்டிக் கூப்பிட்டார். அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் நான் அங்கேதான். அவர் கதைப்பார், நான் தலையாட்டுவேன். இங்கிலீஷ் கொஞ்சம் விளங்கும். வாய் திறக்கத்தான் வெட்கம். வங்கிக்குப் போனாலும் டொக்டரிடம் போனாலும் எனக்காகக் கதைப்பது மகள்தான்.

அவருடைய அப்பா அந்தக் காரைச் செய்த தொழிற்சாலையில் வேலை செய்தவராம். கொம்பனி எப்போதோ இல்லாமல் போய்விட்டது. காருக்குக் கிறீம் நிறப் பெயின்ற்றைக் கிழவர் தன் கையாலேயே அடித்தவர். அடிப்பதும் தேய்ப்பதும் திரும்ப அடிப்பதுமாக ஒரு குளிர்காலமே போனதாம்.

மாப்பிள்ளையை அந்தக் காரில் அழைத்துவர எனக்கு ஆசை. மனைவிக்குப் பிடிக்கவில்லை.

“உந்தப் பழசிலயோ? சனம் சிரிக்கப்போகுது.”

“சிரிச்சாச் சிரிக்கட்டும் அம்மா, எனக்கு அது வடிவாத்தான் இருக்கு,” என்று சொன்ன மகள், தானே போய்க் கிழவரிடம் கேட்டாள். தானே ஓட்டி வருவதாகக் கிழவர் சொன்னார்.

கல்யாணத்தன்று கோட்டும் கழுத்தில் ரையுமாக வந்து நின்றார். வீட்டில் நானும் மச்சானும் மட்டும். மற்றவர்கள் இருந்த கார்களை எல்லாம் எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். மாப்பிள்ளை வீடு அதே நகரத்தில், வெக்ஸ்போர்ட்டில். பெண் வீட்டார் போய் அழைக்காமல் மாப்பிள்ளை வெளிக்கிடுவதில்லை, அதுதான் எங்கள் முறை. கொஞ்சம் நேரம் இருந்தபடியால் கிழவரை உள்ளே இருத்தித் தேத்தண்ணி கொடுத்தேன்.

“நல்ல காரியத்துக்குப் போற வாகனம். சும்மாவோ கொண்டுபோறது?” என்றான் மச்சான்.

எனக்கும் அது சரியாகப் பட்டது. சில்லுக்கடியில் தேசிக்காய் வைத்து, தேங்காய் உடைத்தோம். எஞ்சினை மூடுகிற பொனற்றில் சந்தனம் பூசினேன். நடுவில், தூரத்துக்கும் தெரியட்டும் என்று குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்துப் பெரிய பொட்டாக வைத்தேன். அன்று நல்ல வெயில்.

கிழவர் கோப்பையோடு வெளியே வந்தார். அப்படியே நின்றார். பிறகு கிட்டப் போய்க் கைலேஞ்சியால் துடைத்துப் பார்த்தார். சந்தனம் போனது. சிவப்புப் போகவில்லை, பெயின்ற்றில் ஊறிவிட்டது. கார்த் திறப்பைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு தன் வீட்டுப் பக்கம் பார்த்தார்.

“துலைஞ்சுது,” என்றான் மச்சான். “கதையடாப்பா! மனுசன் போகப்போகுது. அங்க மாப்பிள்ளை வெளிக்கிட்டு நிக்கப்போறார்.”

கதைத்துத் தர மகள் இல்லை. அவள் மணப்பெண்ணாக மண்டபத்தில் இருக்கிறாள்.

“சொறி,” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பச் சொன்னேன். “சொறி. திஸ்... பொட்டு. குட் டே, பொட்டு. மை டோட்டர்...” அதற்கு மேல் சொல் வரவில்லை. என் நெற்றிப் பொட்டைத் தொட்டேன். மச்சானின் நெற்றியைக் காட்டினேன். “சேம். சேம். யுவர் கார், மை ஃபமிலி.”

அவர் என் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லக் குனிந்து தன் தலையை எனக்கு முன்னால் நீட்டினார்.

“மீ ரூ?” என்றார், தனக்கும் ஒன்று என்பதுபோல.

குங்குமத்தைத் தொட்டு அவர் நெற்றியிலும் வைத்துவிட்டேன்.

“இனி உவரைத்தான் பொம்பிளையின்ர தகப்பன் எண்டு கும்பிடப்போயினம்,” என்றான் மச்சான், காரில் ஏறும்போதே. அப்படியே நடந்தது. மாப்பிள்ளையின் தாய் முதல் பன்னீரை அவருக்குத்தான் தெளித்தார். கார் வழியில் ஒருதரமும் பழுதாகி நிற்கவில்லை. முகூர்த்தத்துக்கு முன்பே மாப்பிள்ளை மண்டபத்தில் இறங்கினார்.

அடுத்த சனிக்கிழமை பொலிஷும் துணியும் வாங்கிக்கொண்டு அவர் கராஜுக்குப் போனேன், தனியாக. பொனற்றில் இளஞ்சிவப்பாக ஒரு வட்டம். நான் தேய்க்கக் குனிந்ததும் அவர் கையைப் பிடித்துத் தடுத்தார். இருக்கட்டும் என்றார். பிறகு வெளியே நின்ற என் காரின் பொனற்றைத் திறக்கச் சொன்னார். அது வேறு நாட்டுக் கார். எஞ்சின் குறுக்காகப் படுத்திருக்கிறது, முன் சில்லுகள் இழுத்துக்கொண்டு போகின்றன, பார் என்று காட்டினார். ஏ-40 இல் எஞ்சின் நெடுக்காக இருக்கும், பின் சில்லுதான் தள்ளும். அதைச் செய்த அதே ஆட்கள்தான் பிறகு ஒரு சின்னக் காரில் எஞ்சினைக் குறுக்காக வைத்து, உலகம் முழுக்க அதைப் பழக்கமாக்கினார்களாம். இப்போது தெருவில் போகிற கார்களில் பெரும்பாலானவை அப்படித்தானாம். அவர்களின் பெயர்தான் ஒருவருக்கும் தெரியாது. சொல்லிவிட்டுத் தன் காரைத் தட்டி, “ஃபமிலி,” என்று சிரித்தார்.

இப்போது டொக்டரிடம் நான் தனியாகத்தான் போகிறேன், பிழை பிழையாக நானே கதைக்கிறேன். வேலைக்குப் போகும்போது அந்தக் கராஜ் திறந்திருந்தால் காரை மெதுவாக்கி, பொட்டு இருக்கிறதா என்று ஒருதரம் பார்த்துக்கொள்வேன், இருக்கிறது.

எழுதி முடித்தது: ஆவணி மாதம், இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை.