அடுப்புப் பக்கம் வராதீங்க

பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறி வீடு எரிந்தது. தெரு குறுகல், எங்கள் தீயணைப்பு வண்டி முனையிலேயே நின்றுவிட்டது. ஹோஸை இழுத்துக்கொண்டு ஓடினேன். பாதித் தெருவில் மூச்சு கிடைக்கவில்லை. மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சார், நீங்க ஒக்காருங்க சார். நாங்க பாத்துக்கறோம்" என்றான் என் கீழ் வேலை பார்க்கும் ஃபயர்மேன். நிலைய அலுவலரான என்னைப் பார்த்தா உட்காரச் சொல்கிறான் என்று எரிச்சல்தான் வந்தது. எரிச்சலுக்குப் பதில் பயம் வந்திருக்க வேண்டும்.

உங்களுக்கும் இப்படி மூச்சு வாங்கினால், வயசாகிவிட்டது என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். நான் மாதக்கணக்கில் வெறும் இருமல் மருந்து குடித்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் ஒரே கேள்வி. பீடியா, சிகரெட்டா? ஸ்கேன் எடுப்பவர் கேட்டார், நர்ஸ் கேட்டார். நுரையீரல் டாக்டரும் கேட்டபோது பொறுமை போய்விட்டது.

"நான் புகைய புடிக்கல டாக்டர். அதுதான் என்னைப் புடிச்சிக்கினு இருக்குது."

அவர் சிரிக்கவில்லை. ஃபைப்ரோசிஸ் (நுரையீரல் தழும்பேறிக் கெட்டிப்பட்டுப் போவது) என்றார். இத்தனை வருடப் புகை காரணமாக இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாதாம். தழும்பு மறையாது, பரவுவதை மாத்திரையால் மெதுவாக்கலாம்.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். "மறுபடியும் வண்டி ஏறலாமா?"

அதற்கு அவர் என்னை நடைப் பரிசோதனைக்கு (நடக்கும்போது ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பது) அனுப்பினார். ஆட்களைத் தோளில் போட்டு மாடியிலிருந்து இறக்கியவன் நான். அந்த வராந்தாவைக் கடப்பதற்குள் சுவரைப் பிடித்துவிட்டேன்.

"இனிமே புகைப் பக்கம் போகவே கூடாது சார். வீட்டுல ஆக்சிஜன் மெஷின் வெச்சுக்கணும்" என்றார் டாக்டர்.

மூக்கில் குழாயோடு வீடு வந்தேன். டீ கேட்கலாம் என்று சமையலறைக்குப் போனால், என் மனைவி வள்ளி கரண்டியோடு மறித்தாள்.

"இன்னாங்க, அடுப்பு எரியுது. இந்தப் பக்கம் வராதீங்க."

"எரியுற வூட்டுக்குள்ளயே போய் வந்தவன்டி நான்."

"ஆக்சிஜன் பக்கத்துல நெருப்பு கூடாதுன்னு ஊருக்கெல்லாம் நீங்கதான சொல்லிக்கினு இருந்தீங்க?"

தீயணைப்பு ஒத்திகைக்குப் போன ஓர் ஆஸ்பத்திரி வார்டில் ஊதுபத்தி கொளுத்திய ஒரு பெரியவரை நான் திட்டிய திட்டு இருக்கிறதே, இப்போது நினைத்தாலும் கூசுகிறது. குழாயைக் கழற்றிவிட்டு வரட்டுமா என்றேன். துணியிலும் ஆக்சிஜன் தங்கும் என்றாள். அதுவும் நான் சொல்லிக்கொடுத்ததுதான். மெஷினைப் பார்த்து முறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

முன்பெல்லாம் பெல் அடித்தால் சாப்பிட்ட கையோடு வண்டிக்கு ஓடுவேன். இப்போது கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போய் வருவதே ஒரு காலைப்பொழுது. அவசரம் என்ற ஒன்று என் உடம்பை விட்டே போய்விட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வள்ளி பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு கற்பூரம் ஏற்றுகிறாள். தட்டு என் பக்கம் வரக்கூடாது. அணைத்துவிட்டு, அதில் காட்டிய கைகளைப் பொத்திக்கொண்டு கூடத்தைத் தாண்டி ஓடி வருகிறாள். இந்த வீட்டில் இப்போது ஓடுவது அவள்தான். உள்ளங்கைகளை என் கண்களில் ஒற்றுகிறாள்.

"சூடு இருக்குதா?"

கற்பூரத்தின் சூடு வழியிலேயே ஆறிவிடுகிறது. நெருப்பின் சூடு எனக்குத் தெரியாதா? இது வெறும் கைச்சூடு.

"இருக்குதுடி" என்கிறேன்.