பூநாரைக்குப் போட்ட சீட்டு

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். வரிசைப்படுத்தினால்தான் எனக்கு மனது அடங்கும்.

1. பரணிலிருந்து பழைய கேமரா பையை இறக்கினேன். பக்கத்து வீட்டுப் பெண் கல்லூரிச் சுற்றுலாவுக்குக் கேட்டிருந்தாள்.
2. ஜிப்பைத் திறந்ததும் கருவாட்டு வாசனை அடித்தது. இத்தனை வருடம் கழித்தும்.
3. பையைக் கவிழ்த்து உதறியதில், தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிதாக ஒரு நீல ஃப்ளாப்பி விழுந்தது.
4. அதைக் கையில் எடுத்ததும் நளினிமேல் பொறாமை வந்தது.
5. பை கிழிந்திருக்கிறது என்று சொல்லி, அந்தப் பெண்ணை வேறு பையோடு அனுப்பிவைத்தேன். பை கிழியவில்லை.

நான்காவதைத்தான் உங்களிடம் கொஞ்சம் விளக்கவேண்டும்.

எண்பதுகள் முடியப்போகிற சமயம். நானும் நளினியும் பாலிடெக்னிக்கில் ஒன்றாக போட்டோகிராபி படித்துவிட்டு, சென்னையில் மீன்வளம் பற்றி ஆராயும் ஓர் அலுவலகத்தில் ஒன்றாகவே தற்காலிகப் பணியில் சேர்ந்தோம். வகுப்பில் நான் முதல். அவள் எனக்கு அடுத்து. இதை யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன். எங்கள் இருவரில் ஒருவருக்குத்தான் வேலை நிரந்தரமாகும் என்று அதிகாரி முதல் மாதமே சொல்லிவிட்டார். "புது வருஷ காலண்டருக்கு அட்டைப்படம் பழவேற்காடு ஏரி. படம் யாருதோ, போஸ்ட்டும் அவங்களுதுதான்" என்பது அவர் வார்த்தை.

அந்த வாரத்தில்தான் வெளிநாட்டிலிருந்து ஒரு பெட்டி வந்தது. ஃபிலிமே இல்லாத கேமரா. பார்க்க எங்களுடைய எஸ்.எல்.ஆர். போலவே லென்ஸும் கண்ணாடியும் உண்டு. ஆனால் படம் உள்ளே சுழலும் சின்ன ஃப்ளாப்பியில் பதியும், டிவியில் உடனே பார்க்கலாம். இப்போது கைபேசியில் செய்கிற காரியத்தின் கொள்ளுப்பாட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். சோதித்துப் பார்க்க அனுப்பியிருந்தார்கள். பெட்டி வந்தபோது நான் மாடியில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நளினி இடத்தில் இருந்தாள். எதிரில் இருந்தவளிடம் அதிகாரி கொடுத்துவிட்டார், அவ்வளவுதான் நடந்தது. அதற்குப் பிறகு வெகுகாலம் எனக்குத் தயிர்சாதம் இறங்கவில்லை.

"தொட்டுப் பாக்கறியா?" என்று நளினி நீட்டினாள்.

"வேண்டாம், கையில் ஹைப்போ" என்றேன். ஃபிலிம் கழுவும் ஹைப்போ ஒரு சொட்டுகூட என் கையில் இல்லை.

ஹைப்போ வாசனையும் கருவாட்டு வாசனையும் எனக்கு எப்போதும் சேர்ந்தேதான் நினைவுக்கு வருகின்றன. பொன்னேரி தாண்டி, காட்டூர் வயல்களுக்கு நடுவே அலுவலக ஜீப் குதித்துக்கொண்டு போனபோது என் மடியில் ஃபிலிம் கேமரா, அவள் மடியில் அந்த அதிசயம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள் அதைக் குழந்தைபோல் அணைத்துக்கொண்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி நாற்று நட்டிருப்பதைப் பார்த்தேன். நாற்றில் எனக்கு அக்கறை இருந்ததே இல்லை.

ஏரிக்கரையில் தோணிரேவு என்ற மீனவர் ஊரில் இறங்கியதும் முதல் சிக்கல். அட்டைக்கு நாங்கள் குறிவைத்திருந்த பூநாரைகள் வந்திருந்தன; ஆனால் ஆழமில்லாத இடத்தில் மேய்ந்தன. கோல் ஊன்றிப் போகும் ஒரு சின்னப் படகுதான் கிட்டே போகமுடியும். இரண்டு ஆள் ஏறினால் தரை தட்டும், இரண்டு படகு போனால் பறவை எழும்பிவிடும். படகுக்காரர் தேசப்பன் சொன்னதை நாங்கள் இருவரும் கேட்டோம். கேட்டுவிட்டு, கரையில் நின்று சண்டை போட்டோம். படித்த பெண்கள் சண்டைபோடுவதை வேடிக்கை பார்க்க இறால் பிரித்துக்கொண்டிருந்த பெண்களெல்லாம் எழுந்து வந்துவிட்டார்கள். தேசப்பன் மனைவி ஏகவல்லி இடுப்பில் கூடையோடு முன்வரிசையில் நின்றாள்.

"இன்னாத்துக்கு இப்டி அடிச்சிக்கிறீங்க? பாடு போட்டுக்கினா ஆச்சி" என்றாள்.

அந்த ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே இடத்தில் வலை போட்டால் வெட்டுக்குத்து ஆகும். அதனால் சீட்டுப் போட்டு, எந்த இடம் எந்த நாளில் யாருக்கு என்று முறை வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பெயர் பாடு. உன் பாடு அன்று விழுவதெல்லாம் உனக்கு. ஒன்றும் விழாவிட்டாலும் உனக்குத்தான். இன்னொரு நாள் கேட்கக்கூடாது. அடுத்தவர் பாடு அன்று வலையை நனைத்தால் ஊரே கூடி நிற்கும்.

சீட்டுப் போட்டார்கள். ஏகவல்லியே எடுத்தாள். முதல் நாள் நளினிக்கு, மறுநாள் எனக்கு.

முதல் நாள் காலை, படகு சின்னதாகிக்கொண்டே போவதைப் பார்த்தபடி கரையில் கருவாடு காயவைப்பதைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். பையைக் கருவாட்டுப் பாய்மேல் வைத்தது அன்றைக்குத்தான்.

"யம்மா, அந்தம்மா பறவைக்குப் போவுது, நீ இன்னா எங்க நெத்திலிய புடிச்சிக்கினு கீற?" என்றாள் ஏகவல்லி.

"நெத்திலியும் அழகாத்தான் இருக்கு."

"இருக்கும் இருக்கும். வயிறு எரிஞ்சா எல்லாம் அழகாத்தான் தெரியும்."

பெண்கள் சிரித்த சிரிப்பில் பாயில் உட்கார்ந்திருந்த காக்கைகள் எழும்பின. எனக்கும் சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

சாயங்காலம் பஞ்சாயத்து டிவி இருந்த அறையில் கூட்டம். பழவேற்காட்டிலிருந்து, கல்யாணங்களுக்கு வீடியோ டெக் வாடகைக்கு விடும் ஹாஜா பாயை வரவழைத்திருந்தார்கள். நளினியின் கேமராவை ஒயரால் டெக்கில் சொருகி, டெக்கை டிவியில் சொருகினார். படம் வந்தது; ஆனால் நிற்காமல் மேலிருந்து கீழே உருண்டுகொண்டே இருந்தது. பூநாரையின் கால் மேலே, தலை கீழே.

"டிவி நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. உங்க பெட்டிதான் பேஜாரு பண்ணுது" என்றார் பாய்.

நளினியின் முகம் வாடிவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், அந்த வாட்டம் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் தொழில்நுட்பம் படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. காரணம் தெரிந்த கோளாறைக் கண்முன்னே பார்த்துக்கொண்டு சும்மா உட்கார முடியாது. அந்தக் கேமரா பிறந்த நாட்டில் டிவி நொடிக்கு அறுபது தரம் படம் வரையும், நம்முடையது ஐம்பது. எழுந்து போய், டிவிக்குப் பின்னால் குனிந்து, படம் உருளுவதை நிறுத்தும் குமிழைத் தேடித் திருகினேன். உருளல் மெதுவாகி நின்றது. டிவியில் நிறமில்லை, படத்தில் கோடு கோடாக இருந்தது. ஆனாலும் தோணிரேவின் பூநாரைகள் தோணிரேவின் டிவியில் ஒற்றைக்காலில் நின்றன.

என்ன சத்தம்! எல்லோரும் நளினியைச் சூழ்ந்துகொண்டார்கள். குமிழைத் திருகியவள் டிவிக்குப் பின்னால் ஒட்டடையோடு நின்றாள்.

"உன் பொட்டில இன்னா கீது, நீயும் காட்டு" என்றார் தேசப்பன் பெரிய மனதோடு.

"இது ஃபிலிம் அண்ணே. மெட்ராஸ் போய்க் கழுவினாத்தான் தெரியும்."

"கழுவணுமா?" ஏகவல்லிக்கு ஆச்சரியம். "இம்மாந் தண்ணி இருக்குதே, இங்கயே கழுவேன்."

அன்றிலிருந்து அந்த ஊரில் நளினி டிவியம்மா, நான் கழுவுறம்மா.

அப்போது நான் ஒன்று செய்தேன். அறையின் கடைசியில் முக்காலியை நிறுத்தி, என் கேமராவில் ஷட்டரை மெதுவாக வைத்து, டிவித் திரையைப் படமெடுத்தேன். நல்ல எண்ணம் ஒன்றுமில்லை. இந்த அதிசயத்தின் பூநாரை எவ்வளவு கோடுகோடாக இருக்கிறது, என் ஃபிலிம் எவ்வளவு சுத்தம் என்று அதிகாரியிடம் காட்டத்தான். முன்னால் உட்கார்ந்திருந்தவர்களின் தலைகள் வேறு மறைத்தன. இருக்கட்டும், இன்னும் மோசமாகத் தெரியட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குள் கூட்டத்துக்கு ஆசை வந்துவிட்டது. "என்ன டிவில காட்டு." "எங்க நைனாவக் காட்டு." நளினி எடுக்க எடுக்க, சொருகச் சொருக, ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு ஆரவாரம். படம் மறுபடி உருளாமலிருக்க டிவிக்குப் பின்னால் போய்க் குமிழைப் பிடித்திருந்த என்னையும் ஒரு தரம் எடுத்துவிட்டாள். ஊரே திரையில் என்னைப் பார்த்துக் கைதட்டியது. நான் பின்னால் இருந்ததால் எனக்குத் தெரியவில்லை. எட்டிப்பார்ப்பதற்குள் அடுத்த முகம் வந்துவிட்டது.

மறுநாள் என் பாடு. விடியும்போது காற்று மாறியிருந்தது. தேசப்பன் கோல் ஊன்றி ஊன்றிப் பார்த்தார். தண்ணீர், வானம், நான்.

"வாடக்காத்து திரும்பிச்சிம்மா. ராவோட பறவைங்க ஆந்திரா பக்கம் பூட்டுதுங்க" என்றார். நாளைக்கு ஒருமுறை என்று நான் வாயெடுக்கவில்லை. ஜீப் அன்று மாலை கிளம்பவேண்டும், பாடு முறையிலும் இன்னொரு நாள் கிடையாது.

கரைக்கு வந்தால், நளினி வலைக்குவியல்மேல் உட்கார்ந்திருந்தாள். கையில் இரண்டு ஃப்ளாப்பி. இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருந்தன.

"எடம் பத்தலன்னு, பறவை இல்லாத ஃப்ளாப்பிய அழிச்சு மூஞ்சி எடுக்கறேன்னு நெனச்சேன்டி. பறவை இருந்தத அழிச்சிருக்கேன். ஒண்ணுகூட இல்ல. எல்லாம் மூஞ்சி."

எனக்குள் நடந்ததன் வரிசை: முதலில் சந்தோஷம். பிறகு பயம், நானும் வெறுங்கையோடு இருக்கிறேனே என்று. மூன்றாவதாகத்தான் என் கேமராவுக்குள் சுருண்டிருந்த ஃபிலிம் நினைவுக்கு வந்தது. அவள் பூநாரைகள் உலகத்தில் அங்கே மட்டும்தான் இருந்தன.

சென்னையில் அந்த ஃபிலிமைக் கழுவி, விளக்குப் பெட்டிமேல் வைத்துக் குனிந்தேன். இருட்டறையில் ஒளிரும் சின்னத் திரை, அதில் கோடுகளால் நெய்த பூநாரைகள், எதிரே கரிய நிழல்களாக ஊரின் தலைகள், ஏகவல்லியின் கொண்டை. என் வாழ்க்கையில் அதுவரை எடுத்ததில் மிக நல்ல படம். கெட்ட எண்ணத்தில் எடுத்தது.

அதிகாரி பூதக்கண்ணாடியை எடுத்தவர் கீழே வைக்கவேயில்லை. "இதுதான் அட்டை. யாரோடது?"

நளினி என்னைப் பார்த்தாள். சட்டப்படி என்னுடையதுதான். என் கேமரா, என் ஃபிலிம், என் ஷட்டர். சொல்ல வாய் திறந்துவிட்டேன். ஆனால் ஊர்க்காரர்களை எடுத்த படங்களின் பிரிண்டுகளைக் கொடுக்க நான் மறுபடி தோணிரேவு போயாகவேண்டும், ஏகவல்லிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். கூடையோடு அவள் முன்வரிசையில் நின்று, "பறவை டிவியம்மா பாடு அன்னிக்கி விழுந்ததாச்சே" என்று கேட்பது இங்கேயே காதில் விழுந்தது. கழுவுறம்மா என்ற பெயரையே என்னால் தாங்கமுடியவில்லை. அடுத்தவள் பாடு அன்று வலை போட்டவள் என்ற பெயர் வேறா?

"பறவை நளினியோடது சார். டிவி மட்டும் என்னோடது" என்றேன்.

அதிகாரிக்குப் பாடும் புரியவில்லை, இதுவும் புரியவில்லை. அட்டையில் ஒரு பெயருக்குத்தான் இடமிருந்தது; நளினி பெயர் ஏறியது, போஸ்ட்டும் அவளுக்கே போனது.

தாராள மனது என்று நினைத்துவிடாதீர்கள். நான் வேலையை விட்டுக் கிளம்பிய அன்றுவரை அவளோடு சரியாகப் பேசவில்லை. அன்று என் பையின் ஓரத்தில் அவள்தான் இந்த ஃப்ளாப்பியைச் செருகினாள். "இதுல எல்லா மூஞ்சியும் இருக்கு, நீயும் இருக்க. வச்சிக்கோ" என்றாள். நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. தோணிரேவுக்குப் பிரிண்டுகளைக் கொண்டுபோனபோது ஏகவல்லி தன் படத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் கழுவிக்கீற. டிவியம்மா வரலியா?" என்றாள்.

அந்தக் குமிழ் வைத்த டிவிகள் இப்போது இல்லை. டெக் இல்லை, ஹாஜா பாயின் வாடகைக் கடையும் இல்லை. அந்தக் கேமராவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதன் மாதிரியையே கம்பெனி நிறுத்திவிட்டதாம். நான் கொடுத்த பிரிண்டுகள் உப்புக்காற்றில் வெளுத்துவிட்டன என்று பிறகொருமுறை போனபோது தேசப்பனே காட்டினார்.

இன்றைய நிலவரம் இது. நளினி அதே அலுவலகத்தில் இருக்கிறாள், தனி அறை. அந்தக் காலண்டர் அட்டையைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பதாகக் கேள்வி. ஃப்ளாப்பி என் மேஜைமேல் இருக்கிறது. அதைப் படிக்கும் பெட்டி எனக்குத் தெரிந்து எங்கும் இல்லை. அந்த வயதில் ஊர் உலகத்தையெல்லாம் நான் படமெடுத்தேன், என்னை எடுத்தவள் அவள் ஒருத்திதான். டிவிக்குப் பின்னால், தலையில் ஒட்டடையோடு, குமிழில் கைவைத்து நான் எப்படி இருந்தேன் என்பது தோணிரேவு முழுவதற்கும் தெரியும். நான் பார்த்ததில்லை.