கந்தசட்டியில் சுமக்காத இறைச்சி

“திரு. அரியரத்தினம் அனுபவமிக்க மலைநடையாளர். தாஸ்மேனியாவின் தென்மேற்கு மலைகளில் வெள்ளத்தில் அகப்பட்ட நாட்களில், தம் பசியைப் பொருட்படுத்தாது தம் உணவு முழுவதையும் தோழர்களுக்குக் கொடுத்தவர். தன்னலமின்மைக்கு உதாரணமானவர்.”

1974ஆம் ஆண்டின் இறுதியில் மெல்பேர்ண் மலைநடைக் கழகம் ஒன்று கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்த பாராட்டுப் பத்திரம் இது. இதில் பெயர் சரி.

அனுபவத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். அரியரத்தினம் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். அங்கே ஏறுவதற்கென்று இருப்பவை பனையும் மதிலுந்தான். நோபல் பார்க்கில் வீடெடுத்து, ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் படம் வரைபவராகச் சேர்ந்த பின்புதான், முதுகில் வீட்டைக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் போய்ப் படுக்கிற ஒரு கூட்டம் உலகத்தில் உண்டென்று அறிந்தார். கூட வேலை செய்த கொலின் அந்தக் கூட்டத்தின் தலைவன். அவன் அழைத்தான், மறுக்கத் தெரியாமல் போனார், பிடித்துவிட்டது. வீட்டில் யன்னல் இடுக்குகளில் துணி அடைத்துக் குளிருக்குப் பயந்து வாழ்ந்த மனிதர், ஈரக் கூடாரத்தில் நிம்மதியாக உறங்கினார். எந்த ஊர், ஆருடைய மகன் என்று மலையில் எவரும் அவரைக் கேட்பதில்லை.

நீண்ட நடைகளில் கழகத்துக்கு ஒரு நடைமுறை இருந்தது. உணவு பொது. பொறுப்பானவர் வாங்கி வந்து, சுமை சமமாகும்படி எல்லார் பையிலும் பிரித்துப் போடுவார். யார் எதைச் சுமந்தாலும் தின்பது எல்லாரும். 1973இல் போன தாஸ்மேனிய நடைக்குப் பொறுப்பு பிரையன். வேலை தபால்காரன், பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு. அரியரத்தினத்தை ‘அரி’ என்று சுருக்கியவனும் அவன்தான். ஒரு சைவரை இப்படி வைணவப் பெயரில் கூப்பிடுகிறோம் என்பது அவனுக்குத் தெரியாது.

நடைக்கு நாள் குறித்தபோது அரியரத்தினம் பஞ்சாங்கம் பார்க்கவில்லை. அவர் மனைவி சந்திரவதனா பார்த்தார்.

“இஞ்சாருங்கோ, கந்தசட்டிக்குள்ளை காட்டுக்குப் போறியளோ?”

“முருகனும் மலையிலைதானே இருக்கிறார். ஆறு நாளும் அங்கை விரதம் பிடிக்கிறன்.”

“அவர் கூடாரத்துக்குள்ளை இருக்கேல்லை.”

ஒருநேரச் சோறு, மற்ற நேரங்களுக்குப் பேரீச்சையும் கச்சான் கடலையும் தேநீரும் என்று ஏற்பாடாயிற்று. கப்பலில் தாஸ்மேனியாவுக்குப் போய், பாதை தொடங்கும் இடத்தில் வான் வண்டியை நிறுத்தி, தூறலில் நின்று பைகளை அடுக்கினார்கள். பிரையன் எல்லாருக்கும் எறிந்ததுபோல அவருக்கும் ஒரு துணிப்பையை எறிந்தான். அவிழ்த்துப் பார்த்தார். டின்னில் அடைத்த மாட்டிறைச்சி.

மாட்டிறைச்சியை அவர் என்றுமே தின்றதில்லை. சுமப்பதற்கு அதுவரை ஆட்சேபித்ததும் இல்லை. ஆனால் விரத நாளில், திருநீற்றுப் பொட்டலமும் மாடும் ஒரே பைக்குள்ளா? ஒரு சொல் சொல்லியிருந்தால் பிரையன் சிரித்துக்கொண்டே மாற்றிக் கொடுத்திருப்பான். அந்தச் சொல்தான் வரவில்லை. சொன்னால் விளக்க வேண்டும்; விளக்கினால் மலையிலும் அவர் எந்த ஊர் என்பது பேச்சாகிவிடும். வெள்ளைக்காரர் கொண்டுபோகும் இறைச்சி எப்படியும் மிஞ்சத்தான் போகிறது என்று தீர்மானித்தார். ஒதுங்கப் போகிறவர் போலப் பற்றைக்குப் பின்னால் போனார். டின்களைப் பன்னச்செடிகளுக்குள் வைத்துவிட்டுத் திரும்பினார். அன்று அவர் நடந்த நடையைக் கொலின் பாராட்டினான்.

நடையின் நடுவில் மழை பிடித்துக்கொண்டது. முன்னால் ஓர் ஆறு, பின்னால் ஏற்கெனவே கடந்து வந்த ஆறு. இரண்டும் பெருகியதில், கூடாரங்கள் இடையிலிருந்த மேட்டில் அகப்பட்டன. மழை விடுவதாயில்லை. இருக்கிற உணவையெல்லாம் ஒரு விரிப்பில் கொட்டச் சொன்னான் கொலின். அங்கே நடந்த பேச்சு ஆங்கிலம். அரியரத்தினம் பிறகு மனைவியிடம் சொன்ன தமிழில் அது இப்படி இருந்தது.

“இறைச்சி எங்கை?”

“ஆரிட்டையோ குடுத்தனான்,” என்று பிரையன் தலையைச் சொறிந்தான். “அரி, உன்னட்டை இருக்கோ?”

“என்னட்டை இல்லை.”

அந்த விடையில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அரியரத்தினம் பிற்காலத்தில் அதைப் பலமுறை எடுத்துச் சோதித்தார். ஒவ்வொரு முறையும் அது பொய்யாகவே இருந்தது.

“கப்பலிலை குடிச்ச பியருக்கு நீ வானையே மறந்திருப்பாய்,” என்றான் கொலின். “உள்ளுக்கை விட்டிட்டு வந்திட்டாய்.”

“இருக்கும். என்ரை பிழைதான்,” என்றான் பிரையன். சிரிப்பு இல்லாத பிரையனை அரியரத்தினம் பார்த்தது அதுவே முதல் தடவை.

தம்முடைய அரிசி, பேரீச்சை, கச்சான் எல்லாவற்றையும் அவர் விரிப்பில் தள்ளினார். தமக்கு வேண்டாம், விரதம் என்றார். பசித்த மனிதன் பெருந்தன்மையாகச் சொல்லும் பொய் என்று அதை எடுத்துக்கொண்டார்கள். அவர் சொன்னவற்றுள் உண்மை அது ஒன்றுதான். நம்பப்படாததும் அது ஒன்றுதான். கந்தசட்டி முடிந்த பிறகும் அவர் விரதத்தை முடிக்கவில்லை. முருகனுக்கு ஆறு நாள் போதும். பிரையனுக்குப் போதவில்லை.

மழை கொஞ்சம் ஓய்ந்த காலையில் பிரையன் கயிற்றை இடுப்பில் கட்டினான்.

“நான் விட்டது. சுமையில்லாமல் நடந்தால் வான் ஒரு நாள் வழிதான். நானே போய் அதுக்குள்ளை இருந்து எடுத்து வாறன்.”

“போகாதை,” என்றார் அரியரத்தினம்.

“ஏன்?”

இறைச்சி வானுக்குள் இல்லை என்று சொல்லவேண்டிய இடம் அது. எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

“ஆறு பெரிசு,” என்றார்.

“பசியும் பெரிசுதான், அரி,” என்றுவிட்டு பிரையன் இறங்கினான். நடு ஆற்றில் உருண்டு வந்த மரம் அவன் முழங்காலைப் பாறையோடு வைத்து நசுக்கியது. கயிற்றைப் பிடித்து இழுத்தவர்களில் அரியரத்தினமும் ஒருவர். உள்ளங்கைத் தோல் உரியும்வரை இழுத்தார். பத்திரத்தை எழுதியவர்கள் ஏனோ அதை விட்டுவிட்டார்கள். மழை விட்டதும் ஹெலிகொப்டர் வந்தது.

முழங்கால் பழைய நிலைக்கு வரவில்லை. பிரையனுக்குத் தபால் சுற்று போய், கடிதம் பிரிக்கும் மேசை கிடைத்தது. மலை அடியோடு போயிற்று. கழகத்தில் அவனை ‘இறைச்சி மறந்த பிரையன்’ என்று கேலி செய்தார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான்.

வீட்டில் சந்திரவதனா முழுக் கதையையும் குசினிக் கதிரையில் இருந்து கேட்டார்.

“மாட்டை இறக்கி வைச்சிட்டு, அந்த மனுசன்ரை தலையிலை பழியை ஏத்திவிட்டிருக்கிறியள்.”

“நான் வேணுமெண்டு செய்யேல்லை.”

“டின்னை வேணுமெண்டுதானே வைச்சனியள்?”

இதற்கு விடையாக அரியரத்தினம் ஞாயிறுதோறும் பிரையன் வீட்டுக்குப் போய்ப் புல் வெட்டத் தொடங்கினார். பிரையனின் மனைவி கேக் சுட்டுக் கொடுத்தார். “உன்னைப் போல ஒரு மனிசனைக் காணேல்லை, அரி,” என்றான் பிரையன். புல்லை வெட்டவெட்ட அவர் பெயர் வளர்ந்தது. பாராட்டுப் பத்திரம் கொடுக்க வேண்டும் என்ற யோசனையும் பிரையனுடையதே.

வைபவத்துக்குப் போகும் வழியில் சந்திரவதனா சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டார்.

“இண்டைக்காவது சொல்லுவியளோ?”

“எல்லாருக்கும் முன்னாலை சொன்னால் கழகத்துக்கு வெட்கம்.”

“கழகத்துக்கோ?”

அவர் காரை ஓட்டினார். சட்டைப் பையில் சொல்லவேண்டியது எழுதித் தயாராக இருந்தது. ஆங்கிலத்தில், எளிய வசனங்களில். மண்டபத்தில் கொலின் பத்திரத்தை உரக்க வாசித்தான். முன்வரிசையில் இருந்த பிரையன், ஊன்றுகோலைக் கதிரையில் சாய்த்துவிட்டு, கை தட்டுவதற்காக எழுந்து நின்றான். எழும்புவது அவனுக்கு நோகும் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். யாராவது அவனை இருக்கச் சொல்ல வேண்டும் என்று அரியரத்தினம் காத்திருந்தார். எவரும் சொல்லவில்லை.

அரியரத்தினம் மேடையேறினார். பத்திரத்தை இரண்டு கையாலும் வாங்கினார். “நன்றி” என்று சொல்லிவிட்டுக் கீழே வந்து உட்கார்ந்தார்.