கல்யாணத்துக்கு முன் ஒரு காதல் படம்

கல்யாணத்துக்கு முன் ஜோடிகளை வைத்துக் குட்டிப் படம் எடுப்பது என் தொழில். கதை, வசனம், காட்சி எல்லாம் அவர்கள் பார்த்த சினிமா, வெயிலில் நிற்பது மட்டும் நான்.

கேமரா சுமக்கும் சகோதரர்களே, உங்களுக்கே தெரியும், கேட்கிற காட்சியை வைத்தே ஆளைச் சொல்லிவிடலாம். பூங்காவில் மரத்தைச் சுற்றினால் அது அப்பா அம்மா பார்த்த படம். ரயிலடியில் ஓடினால் அக்கா பார்த்தது. காபிக் கடையில் மோதிச் சண்டை பிடித்தால் ஜோடியே பார்த்தது.

போகாதீங்க!

துடியலூர் மாப்பிள்ளை ஒருவருக்கு, கோபித்துக்கொண்டு கிளம்பும் நாயகனை நாயகி விமான நிலையத்தில் ஓடிவந்து தடுக்கிற காட்சி வேண்டும். அங்கே கேமராவோடு யார் விடுவார்கள்? வால்பாறையில் ஒரு பஸ்ஸில் அவரை ஏற்றிவிட்டு நான் தேயிலைச் செடிகளுக்குள் உட்கார்ந்துகொண்டேன். கண்டக்டரிடம் விஷயத்தைச் சொல்ல மறந்துபோனேன்.

"போகாதீங்க!" என்று கத்திக்கொண்டு பெண் ஓடிவந்தாள். விசில் பறந்தது, பஸ் நின்றது. வேலை முடித்து அதே பஸ்ஸில் வந்த எஸ்டேட் பெண்கள் மாப்பிள்ளையின் பையைப் பிடுங்கிக் கீழே போட்டார்கள். "படம் எடுக்கறமுங்க" என்று அவர் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. கண்டக்டர் அவர் தோளில் கைபோட்டு இறக்கிவிட்டார்: "அம்மணி அழுவுது பாருங்க தம்பி, சண்டைய ஊட்டுல போய்ப் பேசிக்கலாம், எறங்குங்க!"

டிராக்டர் மழை

மதுக்கரைப் பெண்ணுக்கு மழைப் பாட்டு. அவளுடைய அப்பாவே டிராக்டரில் தண்ணீர் டேங்க்கைக் கட்டி வந்து, ஹோஸ் பிடித்து மழை பொழிய வைத்தார். ஜோடி நனைந்து முடித்தும் தண்ணீர் மிச்சம். மனுஷர் ஹோஸை மெதுவாகத் தன் மனைவி பக்கம் திருப்பினார். அந்த அம்மா சேலையை இழுத்து இடுப்பில் செருகினார். பிறகு ஹோஸைப் பிடுங்கி அவரை வயல் முழுக்கத் துரத்தினார். மூச்சு வாங்க என்னிடம் வந்து சொன்னார்: "இருவத்தெட்டு வருசங் கழிச்சு இந்த மனுசனுக்கு இப்பத்தான் காதல் வந்திருக்குதுங்க, அதக் கட் பண்ணிப்போடாதீங்க!"

நிஜச் சண்டை

வீட்டார் பார்த்து முடித்த ஜோடி. பெண்ணுக்கு வங்கி வேலை, மாப்பிள்ளைக்குப் பம்ப்செட் பட்டறை. இருவரும் அதிகம் பேசியதில்லை. காபிக் கடையில் உட்காரவைத்து, "எதையாவது சொல்லிச் சண்டை போடுங்க, மேலே பாட்டுப் போட்டுக்கறேன்" என்றேன்.

"கல்யாணத்துக்கப்புறம் வேலைய உட்டுருவீங்களாமா?" என்றார் அவர்.

"யாரு சொன்னது?"

"உங்கப்பாதானுங்க."

"எங்கிட்டக் கேக்கோணும்னு உங்க யாருக்குமே தோணலையா?" அது நடிப்பில்லை. எழுந்து போயேவிட்டாள். பத்திரிகை அச்சாகியிருந்தது. என்னால் ஒரு கல்யாணம் நின்றது என்று ஊர் சொல்லப்போகிறதே என்று மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான்காம் நாள் இருவரும் சேர்ந்தே ஸ்டுடியோவுக்கு வந்தார்கள். மாப்பிள்ளை அவள் வீட்டுக்குப் போய், "அவங்க வேலைக்குப் போறத அவங்கதான் முடிவு பண்ணோணும் மாமா" என்று பேசிவிட்டு வந்திருக்கிறார். சண்டையை அழித்துவிடவா என்று கேட்டேன். பெண் சிரித்தாள்: "வேண்டாங்ண்ணா, பாட்டுக்கூடப் போடாதீங்க. அந்தச் சண்டை இல்லீனா இவரு யாருன்னே தெரியாமக் கழுத்த நீட்டியிருப்பனுங்க!"

இத்தனை ஜோடிகளைக் காதலிக்க வைத்த எனக்கு, பெண் பார்க்கப் போகிற வீடுகளில் மட்டும் இன்றுவரை முதல் கேள்வி, "கேமரா எல்லாஞ் சரிங்க, வேலை என்னங்க?" என்பதுதான்.