வளைகாப்பு பந்தோபஸ்து

பௌர்ணமி நெருங்கினாலே நான் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவேன். விரதமெல்லாம் இல்லை. கிரிவலப் பாதையில் பந்தோபஸ்து போட்டால், நிறுத்திய இடத்தைவிட்டு நகரக் கூடாது. பக்தர்களுக்குக் கட்டியிருக்கும் கழிப்பறையில் வரிசை ரோடு வரை நிற்கும். காக்கியோடு அந்த வரிசையில் நின்றால் எவனாவது செல்போனில் படம் பிடித்து, டூட்டி நேரத்தில் போலீசைக் காணோம் என்று போடுவான். மறுநாள் மெமோ வரும். ஆண் காவலர்கள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். நாங்கள் எந்தப் பக்கம் திரும்புவது? மலையைச் சுற்றி எட்டு லிங்கம் இருக்கிறது, பெண் போலீசுக்கு ஒரு மறைவு இல்லை. இத்தனை வருட சர்வீஸில் என்னை மிகவும் அருவருக்க வைத்தது பிணமும் இல்லை, குடிகாரன் வாந்தியும் இல்லை. இதுதான்.

என்னோடு ஸ்டேஷனில் ஒருத்தி இருந்தாள், என்னைவிட இளையவள். செங்கம் பக்கம் விவசாயக் குடும்பம், டிகிரி முடித்துவிட்டு வேலைக்கு வந்தவள். அவளுக்கு முதல் கர்ப்பம் கலைந்துபோனது. சிறுநீர்த் தொற்று முற்றிவிட்டது என்று டாக்டர் சொன்னார். தொற்று ஏன் வந்தது என்று அவர் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் அவள் சொல்லியிருக்க மாட்டாள். இரண்டாவது முறை உண்டானபோது ஏழாம் மாதமும் தீபத் திருவிழாவும் சேர்ந்து வந்தன. தீபத்துக்கு எங்களில் யாருக்கும் லீவு கிடையாது.

"அக்கா, இதையும் அந்த ரோட்லயே உட்டுடுவேனோன்னு பயமா இருக்குது" என்றாள்.

அவள் சொன்னதைக் கேட்டபிறகு சும்மா இருக்க முடியவில்லை. ஆனால் போலீஸ்காரர்கள் சங்கம் வைக்கக் கூடாது. கோரிக்கை என்று நாலு பேர் டீக்கடையில் கூடிப் பேசினாலே நடவடிக்கை பாயும். மூட்டை தூக்குகிறவர்களுக்குச் சங்கம் இருக்கிறது, ஆட்டோ ஸ்டாண்டுக்குச் சங்கம் இருக்கிறது. அவர்கள் ஊர்வலம் போனால் பாதுகாப்புக்கு நடப்பது நாங்கள். அவர்கள் கோஷமெல்லாம் எனக்கு மனப்பாடம், எங்களுக்கென்று ஒரு கோஷம் கிடையாது. நாங்கள் கேள்வி இல்லாமல் ஒன்றாகக் கூட முடிவது கல்யாணத்தில், காதுகுத்தில், சாவில். அப்போதுதான் எனக்கு அவளுடைய வளைகாப்பு ஞாபகம் வந்தது.

வேங்கிக்காலில் சின்ன மண்டபம் ஒன்றைப் பிடித்தோம். சுற்று வட்டார ஸ்டேஷன் ஆட்களையெல்லாம் அழைத்தோம். ஆண்களுக்கும் வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டுமென்ற குறை இருந்ததால் ஆசையாக வந்தார்கள். சாப்பிட்டபின் பந்தி மேசையிலேயே உட்கார்ந்து பேசி, எங்கள் வீட்டு ஆட்களை ஒன்றாக மனுநாளில் கலெக்டர் ஆபீசுக்கு அனுப்புவதென்று முடிவெடுப்பது எங்கள் திட்டம். நாங்கள் போகக் கூடாதே தவிர, மனைவியும் மாமியாரும் புருஷனும் போகலாம். பெண்கள் நிற்கும் இடங்களில் கழிப்பறை வண்டி, நேரத்துக்கு ஆள் மாற்றுவது, கர்ப்பிணிகளுக்கு ரோட்டு டூட்டி போடக் கூடாது. இவ்வளவுதான் கேட்க இருந்தோம். எல்லோருக்கும் மூத்த ஏட்டையா, ஓய்வு பெறப்போகிறவர், தானே பேசித் தொடங்குவதாகச் சொன்னார்.

வளையல் அடுக்கி முடித்திருந்தோம். வாசலில் ஜீப் நின்றது. யாரோ போட்டுக்கொடுத்திருக்க வேண்டும். எங்கள் அதிகாரி உள்ளே வந்தார்.

மண்டபமே எழுந்து நின்றது. அதோடு போயிருந்தால்கூட அது வளைகாப்புதான், யாரும் எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் ஏட்டையா முன்னால் போனார். பட்டு வேட்டியும் நெற்றியில் சந்தனமுமாக, தொப்பி இல்லாத தலைக்கு சல்யூட் கிடையாது என்பதை மட்டும் மறக்காமல், குதிகாலைச் சேர்த்து விறைத்து நின்று ரிப்போர்ட் கொடுத்தார்.

"ஐயா, வணக்கம் ஐயா. டவுன், தாலுகா, ஆயுதப்படை, பெண் காவலர் உள்பட எல்லாரும் ஆஜர் ஐயா."

ரகசியக் கூட்டத்தை அதிகாரிக்கு முன்னால் அணிவகுத்துக் காட்டிவிட்டார். அதிகாரி சுற்றிலும் பார்த்தார். ஒரு வளைகாப்புக்கு இவ்வளவு ஸ்ட்ரென்த்தா, தனக்குப் பந்தோபஸ்துக்குக்கூட இத்தனை பேர் கிடைப்பதில்லையே என்றார். எல்லோரும் சிரித்தார்கள். காலையில் என்னிடம் இனிமேல் பொறுக்க முடியாது என்று கொதித்தவன் அவருக்கு இலை போட்டான். அடுத்தவன் சித்ரான்னத்தில் எது நன்றாக இருக்கிறதென்று எடுத்துச் சொன்னான். இன்னொருவன் அவர் கை கழுவத் தண்ணீர் ஊற்றினான். சாப்பிட்டுவிட்டு அவளிடம் வந்து அட்சதை போட்டு, உனக்கு என்னம்மா வேண்டும் என்று கேட்டார்.

அவள் மட்டும்தான் வாயைத் திறந்தாள். "தீபத்துக்கு ரோட்ல போடாதீங்க ஐயா. பாத்ரூம் போவ எடமில்ல."

லைட் டூட்டி போட்டுவிடலாம் என்றார் அவர். கை தட்டினார்கள். மற்றவர்களுக்கு என்ன என்று ஒரு ஆளும் கேட்கவில்லை. அவர் போனதும் தாம்பூலப் பையை எடுத்துக்கொண்டு கூட்டம் கலைந்தது.

சங்கம் பேச வந்த இடத்தில் எதற்கு ரிப்போர்ட் கொடுத்தீர்கள் என்று ஏட்டையாவைப் பிடித்துக் கத்தினேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"வாய் தானா சொல்லிடுச்சும்மா" என்றார்.

அடுத்த வாரம் அனுமதியின்றிக் கூடியதற்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. மனுநாளுக்கு ஒரு வீட்டிலிருந்தும் யாரும் போகவில்லை.

தீபத்தன்று அவளுக்கு லைட் டூட்டி கிடைத்தது. பாஸ் வைத்திருக்கும் முக்கியஸ்தர்களுக்காக ஒரு கழிப்பறை வண்டி கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். அதற்கு அவள் காவல். உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, கையில் சாவி. பாஸ் இல்லாத ஒருவரும் ஏறக் கூடாது, போலீஸ் உள்பட. நான் எதிர்ப்பக்கம் தடுப்புக் கட்டையருகில் நின்றேன். ஏட்டையா வாக்கிடாக்கி மைக்கோடு அந்த வண்டிக்குப் பக்கத்தில். காலையிலிருந்து அவள் அந்தக் கதவுக்கு முன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இதைவிடக் கேவலமாக ஒரு மனுஷியை நடத்த யோசித்தாலும் முடியாது.

சாயங்காலம் மலைமேல் தீபம் ஏறியது. அரோகரா என்று ஊரே அண்ணாந்தது. எங்களை யாரும் பார்க்காத ஒரே நேரம் அது. அவள் எழுந்து பூட்டைத் திறந்தாள். உள்ளே போய்விட்டு வந்து எனக்குக் கையசைத்தாள். நான் அடுத்த பாயிண்டில் நின்றவளுக்கு அசைத்தேன். கொஞ்ச நேரத்தில் அந்த வண்டியின் படிக்கட்டில் காக்கி வரிசை நின்றது, நானும் அதில் சேர்ந்தேன். உள்ளே வெள்ளைத் துண்டின் மடிப்புக்கூடக் கலையவில்லை. அதுவரை ஒரு முக்கியஸ்தரும் அங்கே வந்திருக்கவில்லை.

நான் இறங்கும்போது மைக் கரகரத்தது. பெண் காவலர்கள் பாயிண்டில் இருக்கிறார்களா என்று அதிகாரியின் குரல் கேட்டது. ஏட்டையா எங்கள் வரிசையைப் பார்த்தார். குதிகாலைச் சேர்த்துக்கொண்டார்.

"எல்லாரும் அவங்கவங்க பாயிண்ட்ல ஆஜர் ஐயா."

சொல்லும்போது அவருடைய மறுகை, அடுத்தவள் ஏறுவதற்காக வண்டிக் கதவைப் பிடித்திருந்தது. சாவியை வைத்திருந்தவள் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்து, என் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைக் கேட்டு வாங்கி, காலியாகும்வரை குடித்தாள்.