ராசாவின் பேச்சை நான் தெரிவுசெய்த விதம்

எழுதுவினைஞர் சோதனைக்கு அறிவித்தல் வந்திருக்கிறதா என்று பார்க்க அப்பா அரசாங்க வர்த்தமானியை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவர் துறைமுகத்தில் களஞ்சியக் காப்பாளர். மகளை ஒரு அரசாங்கக் கதிரையில் இருத்திவிட்டு ஓய்வுபெறுவது அவருடைய திட்டம். சோதனை அறிவித்தல் இருந்தது. நான் இன்னும் இரண்டு பக்கம் தள்ளி வாசித்துவிட்டேன். கொழும்பில் ஒரு கல்லூரி நாடகப் பயிற்சிக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தது. விண்ணப்பிப்பவர் தாமே தெரிவுசெய்த ஒரு தனிப்பேச்சை நடித்துக் காட்ட வேண்டும்.

ஆண் என்றோ பெண் என்றோ அதில் இருக்கவில்லை. விதியில் தடை என்று எழுதாததெல்லாம் அனுமதி என்று அப்போது நம்பினேன். பிறகு உத்தியோகம் பார்த்து அந்த நோய் எனக்கு மாறியது.

"எடுபட்டால் போ," என்றார் அப்பா. "எடுபடாட்டி கிளாக் சோதினை எழுது. பிறகு இதைப்பற்றி ஒரு கதையும் இருக்கக் கூடாது."

"ஓம் அப்பா."

எனக்கிருந்த தகுதியைச் சொல்ல வேண்டும். எங்கள் தேவாலயப் பங்கு மண்டபத்தில் வருடம் ஒரு ராசா நாடகம் போடுவார்கள். பெண்கள் மேடை ஏறுவதில்லை. எனக்குக் கையெழுத்து வாசிக்க நன்றாக வரும் என்று, பள்ளிக்கூடக் காலத்திலேயே பக்கத் திரைக்குப் பின்னால் வசனக் கொப்பியோடு நிறுத்திவிட்டார்கள். நடிப்பவர்கள் துறைமுகத்து ஆட்கள். ஒருவரும் வசனம் பாடமாக்குவதில்லை, பாடமாக்கு என்று ஒருவரும் கேட்பதுமில்லை. நான் ஒரு வரியைத் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு நிற்பேன். அவர் அதை வாங்கி மண்டபம் அதிரச் சொல்வார். பிறகு நான் அடுத்த வரி. முன் வரிசைக்கு இரண்டு குரலும் கேட்கும். முதலில் ஒரு பெட்டையின் முணுமுணுப்பு, பின்னால் ஒரு ராசாவின் கர்ச்சனை. நாடகம் என்றால் அப்படித்தான் என்று எங்கள் ஊர் நினைத்திருந்தது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஆகவே எல்லாருடைய பேச்சும் எனக்குத் தெரியும். எதை எடுப்பது என்பதுதான் பிரச்சினை. ராணியின் பேச்சு ஒன்று இருந்தது. ராணியாக நடித்தவர் துறைமுகக் காவலாளி, மீசையை அந்த ஒரு கிழமைக்கு மட்டும் மழிப்பவர். ராசா உடுப்பு மாற்றி வரும்வரை ராணி அழ வேண்டும், விழ வேண்டும், எழும்பித் திரும்ப அழ வேண்டும். அதற்கு மேல் அந்தப் பேச்சில் ஒன்றுமில்லை. தோழி வேடத்துக்குப் பகிடிப் பேச்சு ஒன்று இருந்தது. அதைச் சொன்னால் எங்கள் மண்டபத்தில் கூரை பறக்கும், கொழும்பில் மின்விசிறி மட்டும் சுற்றும் என்று எனக்குத் தெரிந்தது.

மிஞ்சியது ராசாவின் கடைசிப் பேச்சு. நகரத்தை இழந்த ராசா கடற்கரையில் இருந்துகொண்டு, தன்னை ஏற்ற வந்த படகைத் திருப்பி அனுப்புகிறார். "படகுக்காரா, நீ போ. இந்தக் கரையைத் தவிர எனக்கு வேறு கரை தெரியாது." எங்கள் ராசா அதையும் கர்ச்சித்துத்தான் சொல்வார். அது மெதுவாகச் சொல்ல வேண்டிய பேச்சு என்று திரைக்குப் பின்னால் நின்ற எனக்கு வருடக்கணக்காகப் பட்டிருந்தது. அதையே எடுத்தேன். தெரிவில் பிழையில்லை என்று இன்றைக்கும் சொல்வேன்.

ஒத்திகை பார்க்க ராசாவே வீட்டுக்கு வந்தார். இழுவைப் படகில் இயந்திரம் பார்ப்பவர், வாடைக்காற்று மழைக்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வருவார்.

"நான் வாய் திறக்க மாட்டன், தங்கச்சி. சும்மா பாத்துக்கொண்டு நிக்கிறன்."

முதல் வரி சொன்னேன். அவருடைய சொண்டு அசைந்தது. இரண்டாவது வரிக்குச் சத்தமும் வந்தது. மூன்றாவதற்கு எங்கள் குசினிக் கூரைத் தகரம் அதிர்ந்தது.

"அண்ணை, நீங்கள் சொல்லக் கூடாது."

"நான் எங்க சொன்னனான்?"

அப்பா உள்ளே இருந்து கேட்டார்: "ராசா ஒருத்தரோ, ரெண்டு பேரோ?"

அந்த மாரி முழுக்க அப்படியே போனது. நான் சொல்வேன், அவர் வாங்குவார். "நல்லாப் போகுது," என்று இருவரும் ஒத்துக்கொண்டோம்.

கொழும்பில் ஒரு நீண்ட மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்த பெண்மணி, தொடங்கலாம் என்று தலையசைத்தார். நான் முதல் வரியைச் சொன்னேன், தாழ்ந்த குரலில், விறுவிறு என்று. சொல்லிவிட்டு நின்றேன். மின்விசிறி சுற்றியது. இரண்டாவது வரி சொன்னேன். நின்றேன். என் முகம் தன்பாட்டில் வலப்பக்கம் திரும்பியிருந்தது. அங்கே ஒரு யன்னலும் ஒரு தண்ணீர்க் குடமும்தான் இருந்தன.

"ஏன் பிள்ளை நிப்பாட்டிறீங்கள்?"

"நிப்பாட்டேல்லை, மிஸ்."

"அப்ப ஆரைப் பாத்துக்கொண்டு நிக்கிறீங்கள்?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. திரும்பத் தொடங்கச் சொன்னார்கள். இந்த முறை நிற்கக் கூடாது என்ற ஒரே எண்ணத்தில் படகு, கரை, ராசா எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டி முடித்தேன். மெதுவாகச் சொல்ல வேண்டும் என்று அத்தனை வருடம் நினைத்து வைத்திருந்த பேச்சு அது. "நல்ல ஞாபக சக்தி," என்றார் ஓரத்தில் இருந்தவர். அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை.

தெரிவுசெய்யப்படவில்லை என்று கடிதம் வந்தது. காரணம் எழுதியிருக்கவில்லை. எழுதவும் கூடாது. பிற்காலத்தில் அப்படிப்பட்ட கடிதங்களை நானும் நிறையத் தட்டச்சு செய்திருக்கிறேன், காரணம் கேட்டு வந்தவர்களுக்கு விதியைக் காட்டியிருக்கிறேன். அப்பா சோதனை விண்ணப்பத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நிரப்பினேன். ஒரு கதையும் கதைக்கவில்லை.

அந்த வருட நாடகத்துக்கு ஒத்திகை தொடங்கியது. மண்டபக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. நான் கொப்பியோடு என் இடத்தில் நின்றேன். மற்றவர்கள் வருமுன் ராசா என்னிடம் வந்தார்.

"கொழும்பில என்ன பிழை பிடிச்சவை? ஒருக்காச் சொல்லிக் காட்டன் பாப்பம்."

"படகுக்காரா, நீ போ," என்றேன்.

"படகுக்காரா, நீ போ!" என்றார் அவர், வெறும் கதிரைகளைப் பார்த்து. பிறகு என் பக்கம் திரும்பினார். "நல்லாத்தானே இருக்கு, தங்கச்சி. இதில என்ன பிழை?"

அடுத்த வரியைச் சொன்னேன்.