ஒரே கூரைக்குக் கீழே இரண்டு வேண்டாம்

பார்சல் ஆபீசிலிருந்து எடுத்துவந்த அட்டைப்பெட்டி என் மேசைமேல் இருக்கிறது. இரண்டு கையகலம்கூட இருக்காது. ஒரு மூலையில் சந்தனம் காய்ந்து பொருக்காக ஒட்டியிருக்கிறது. அதன் நடுவில் வைத்த குங்குமம் வெளுத்துப்போய் காவி நிறமாகிவிட்டது. அடிப்பக்கம் முழுக்கத் தேங்காய்த் தண்ணீர் ஊறிக் காய்ந்த கறை. சணல் கயிற்றால் கட்டி மூன்று முடிச்சுப் போட்டிருக்கிறது. மதினி போட்ட முடிச்சைக் கத்தரிக்கோல் இல்லாமல் அவிழ்த்தவர் எங்கள் குடும்பத்தில் யாரும் கிடையாது. கையில் தூக்கிப் பார்த்தேன், எடை சரியாகத்தான் இருக்கிறது. அடுத்த வாரம் ஆயுத பூஜை. பிரித்துப் பார்க்கக் கை பரபரக்கிறது. ஆனால் இந்தப் பெட்டியைப் பார்த்ததும் பழசெல்லாம் ஒரேயடியாகக் கிளம்பி வந்துவிட்டது. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

காளவாசலில் ஒரு மாடி அறையில் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிப் படமாக்கிக் கொடுக்கிறவன் நான். மதினி என் அண்ணன் மனைவி. ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் எல்லோரும் என் கடைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரே வீட்டில் இருந்தோம். மதினிக்குக் கப்பலூரில் ரப்பர் வளையம் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. அந்த வேலை அவரோடு வீட்டுக்கும் வரும். காய்கறிக் கடைக்குப் போனால் நல்ல தக்காளியைப் பார்க்க மாட்டார். "கழிச்சுப் போட்டது எங்க இருக்கு? அத முதல்ல காட்டுங்கண்ணே" என்பார். கடைக்காரர் முகம் சுருங்கும், நான் பத்தடி தள்ளிப்போய் யாரோ மாதிரி நிற்பேன். எனக்கு அப்போதெல்லாம் அவர்மேல் ஒரு எரிச்சல் உண்டு. எனக்கு எதையும் மனசுக்குப் பிடித்துவிட்டால் உடனே வாங்கிவிட வேண்டும். அவருக்கு எதுவுமே பிடிக்காமல் இருந்தால்தான் நிம்மதி என்று நினைத்திருந்தேன்.

அந்த வருஷம் ஆடியில் என் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் செத்தது. பல்லி சொல்வதுபோல் உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான். ஒரு காதுகுத்து வீடியோ முழுசாகப் போய்விட்டது. தாய்மாமன் ஆள் கூட்டிக்கொண்டு மாடியேறி வந்து என்னைக் கிழி கிழியென்று கிழித்தார். சீர் சுமந்து வந்தது அவர், படத்தில் அவர் இல்லையென்றால் கோபம் வராதா? பேர் கெட்டுவிட்டது. ஆவணியில் வர வேண்டிய கல்யாணங்களில் பாதி வேறு ஆளுக்குப் போனது. இன்னொரு தடவை இப்படி நடந்தால் கடையைப் பூட்டிவிட்டு மதினியிடமே சொல்லிக் கப்பலூரில் ஒரு வேலைக்குப் போக வேண்டியதுதான் என்று இருந்தேன்.

அந்த நேரத்தில்தான் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. நான் வீடியோ எடுப்பதாக ஒப்புக்கொண்டிருந்த ஒரு கல்யாணத்தில் பெண்ணின் அம்மா, முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுத்துவிட்டார். தேதியைத் தள்ளலாம் என்றால் அடுத்தது புரட்டாசி, கல்யாணம் வைக்க முடியாது. மாப்பிள்ளைக்கோ அதற்குமேல் லீவு இல்லை. தான் இல்லாமலே நடக்கட்டும் என்று அந்த அம்மாவே சொல்லிவிட்டார். என்னைக் கூப்பிட்டு, படுத்தபடியே என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "ஒத்தப் புள்ள தம்பி. அவ கழுத்துல தாலி ஏறுறத நான் பாக்கணும். துண்டு துண்டா வேணாம், மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் முழுசா. தலைதீபாவளிக்குப் புள்ளையும் மருமகனும் வரும்போது கூட உக்காந்து பாத்துக்கிறேன்." சரிம்மா, சரிம்மா என்று ஏழெட்டுத் தடவை சொல்லியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மதினி கேட்ட முதல் கேள்வி, "எதுல ஏத்தி வைக்கப் போறீங்க?" என்பதுதான். மறுநாள் அவருடைய ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து டிஸ்க் வாங்கக் கிளம்பினேன். பெண் பார்க்கப் போகிற மாதிரி ஒரு துள்ளல் எனக்கு. முதலில் காளவாசலில் ஒரு பெரிய கடை. கண்ணாடி அலமாரியில் வரிசையாக டிஸ்க்குகள், வெள்ளிப் பாளங்கள் மாதிரி. எனக்கென்று ஒரு முறை இருந்தது, சொன்னால் சிரிப்பீர்கள். பைக் நம்பருக்குக் கூட்டுத்தொகை பார்ப்போம் இல்லையா, அதே மாதிரி டிஸ்க்கின் சீரியல் நம்பரில் எழுத்துகளை விட்டுவிட்டு எண்களை மட்டும் கூட்டி, ஒன்பது வருகிறதா என்று பார்ப்பேன். கடைக்காரர் பெட்டி பெட்டியாக எடுத்துப்போட, நான் விரல் விட்டுக் கூட்டிக்கொண்டிருந்தேன். ஒன்று சரியாக ஒன்பது வந்தது. "மதினி, அமைஞ்சிருச்சு!" என்று கத்தியேவிட்டேன்.

திரும்பினால் மதினி பக்கத்தில் இல்லை. கடையின் பின்பக்கம், ரிப்பேர் பார்க்கிறவர் மேசைக்கு அருகில் நின்று, "ஒங்ககிட்டக் கெட்டுப்போய்த் திரும்பி வாரதெல்லாம் எங்க போடுவீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் ஒரு நீலக் கூடையைக் காட்டினார். மதினி ஒவ்வொன்றாக எடுத்து, மேலே அச்சிட்டிருந்த தயாரித்த மாதத்தைப் படித்து, கம்பெனி வாரியாகப் பிரித்து மேசையில் அடுக்கினார். நான் கையில் பிடித்திருந்த அதே கம்பெனி டிஸ்க்தான் அதில் அதிகம். எனக்கு முகம் செத்துவிட்டது. ரிப்பேர்க்காரர் நல்ல மனுஷர். "அக்கா, அதுதான் அதிகமா விக்கிது. அம்புட்டு வித்தா கொஞ்சம் திரும்பி வரத்தானே செய்யும்? இத வச்சு அது மட்டம்னு சொல்ல முடியாது" என்றார். மதினி ஒரு நிமிஷம் யோசித்தார். அப்புறம் மலர்ந்து சிரித்தாரே ஒரு சிரிப்பு! "அப்ப இந்தக் கூடைக்குள்ள வராத கம்பெனியே கெடையாதுன்னு சொல்லுங்க" என்றார். ஆமாம் என்று அவர் தலையாட்டினார்.

கடைக்காரர் விடாமல், இதற்கு ஐந்து வருஷ வாரண்டி இருக்கிறது என்றார். "வாரண்டி புது டிஸ்க்குதான் குடுக்கும். அந்தம்மா மக கழுத்துல மறுபடி தாலி கட்டச் சொல்லுமா?" என்று கேட்டார் மதினி. கடையில் எல்லோரும் சிரித்தார்கள், கடைக்காரரும்தான். ஆனால் எனக்கு அந்த நிமிஷம் ஏதோ பிடிபட்டது. சாகாத டிஸ்க் எது என்று நான் தேடிக்கொண்டிருந்தேன். அவரோ, எல்லாம் ஒருநாள் சாகும், அன்றைக்கு என்ன செய்வாய் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்படியென்றால் ரெண்டாக வாங்கிவிடலாம் என்று நான் அதே பெட்டியிலிருந்து இன்னொன்றை எடுக்கப் போனேன். மதினி என் கையில் தட்டினார். "ஒரே லாட்டு தம்பி, ஒண்ணாச் செஞ்சது. ஒண்ணு கோளாறுன்னா கூடப் பொறந்ததும் கோளாறாத்தான் இருக்கும். எங்க கம்பெனில ஒரு வளையம் வெடிச்சா அந்த லாட்டையே ஒதுக்கிருவோம்." ஒன்பது வந்த டிஸ்க்கை மட்டும் எனக்காக வாங்கச் சம்மதித்தார். இரண்டாவதைத் தல்லாகுளத்தில் வேறொரு கடையில் வேறொரு கம்பெனியாகப் பார்த்து, உறை பிரியாமல் இருக்கிறதா, மாதம் புதுசா என்றெல்லாம் சோதித்து வாங்கினோம். வெயிலில் திரும்பி வரும்போது ஸ்கூட்டியை ஓட்டிக்கொண்டே சட்டம் போட்டார்: முதலில் வாங்கிய மூத்தவன் கம்ப்யூட்டருக்குள் இருப்பான், அடுத்து வாங்கிய இளையவன் வீட்டு பீரோவில் இருப்பான். வாரத்துக்கு ஒருநாள் இளையவனைக் கடைக்குக் கொண்டுபோய் மாட்டிக் காப்பி எடுத்துவிட்டு, அன்றைக்கே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். மற்றபடி இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கவே கூடாது.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. ஆஸ்பத்திரியில் இருந்த அம்மாவுக்குப் பெண்ணின் சித்தி செல்போனில் காட்டிக்கொண்டிருந்தார். கெட்டிமேளம் முழங்கி மாப்பிள்ளை தாலியை எடுக்கிற நேரத்தில் சிக்னல் போய்ப் படம் அப்படியே நின்றுவிட்டது. அந்த அம்மா பார்த்ததெல்லாம் யாரோ ஒருவரின் முதுகும் ஒரு கை அட்சதையும்தான். நான் எடுத்த அத்தனையையும் மூத்தவனிலும் இளையவனிலும் ஏற்றிவிட்டு, கேமரா கார்டுகளை அழித்து அடுத்த கல்யாணத்துக்கு எடுத்துப் போனேன். படம் மெல்ல மெல்ல உருவாகிவந்தது.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஊர்ப்பக்கம் அன்றைக்குச் சோறு போடுகிற கருவி ஒன்றைக்கூட விட மாட்டோம். கத்தரிக்கோல் முதல் கம்ப்யூட்டர் வரை எல்லாம் சாமிக்கு முன்னால் வந்தாக வேண்டும். இளையவனும் வர வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். மதினி சட்டத்தை நினைவூட்டினார். "ஒரு மணி நேரந்தானே மதினி, சாமி காரியத்துல போய் இப்பிடிப் பேசுறீங்க" என்றேன். சரியென்று வீட்டுக்குப் போய் இளையவனின் அட்டைப்பெட்டியை எடுத்துவந்து வைத்தார். நான் கம்ப்யூட்டரின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றித் தூசியெல்லாம் ஊதி, திறந்தபடியே பூஜைக்கு வைத்தேன். உள்ளேயும் சாமி பார்க்கட்டும் என்று ஒரு நினைப்பு. அதன் காலடியில் இளையவன் பெட்டி. இரண்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. அண்ணன் அரிவாளால் தேங்காயை உடைத்தார். அந்தத் தேங்காயில்தான் எம்புட்டுத் தண்ணீர்! பாதி கம்ப்யூட்டருக்குள் பாய்ந்தது, மீதி பெட்டியை நனைத்தது.

அதோடு விட்டிருந்தாலும் பிழைத்திருக்கலாம். காயவைத்திருக்க வேண்டும். நான் அவசரக் குடுக்கை, துண்டால் ஒற்றிவிட்டு, ஓடுகிறதா பார்ப்போம் என்று சுவிட்சைப் போட்டேன். பட்டென்று ஒரு சத்தம், கருகல் வாசனை. மூத்தவன் அங்கேயே முடிந்தான். பெட்டியைப் பார்த்தால் அடியில் ஊறிச் சொட்டுகிறது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மா பிடித்த மணிக்கட்டு சில்லென்று ஆகிவிட்டது. அண்ணன் இரண்டு கையிலும் தேங்காய் மூடியோடு, "என்னடா ஆச்சு? என்னடா ஆச்சு?" என்கிறார். மதினியோ பொரிகடலையை வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கிறார். எனக்கு வந்ததே கோபம்! "நான் கேட்டா கொண்டாந்துருவீங்களா? சண்டை போட்டுத் தடுத்திருக்கலாம்ல!" என்று கத்தினேன். "பெட்டியப் பிரிங்க கொழுந்தனாரே" என்றார்.

கயிற்றை வெட்டிப் பிரித்தேன். உள்ளே இரண்டு கட்டி துணி சோப்பு. நீலக் கலர். எடை சரியாக வர ஒன்றின் ஓரத்தைக் கத்தியால் சீவி வேறு இருந்தது.

"இளையவன் பீரோவுல, என் கல்யாணப் பட்டுக்கு அடியில பத்திரமா இருக்கான்" என்றார் மதினி. சாமியை ஏமாற்றலாமா என்று அண்ணன் பதறினார். "சாமிக்கு உள்ள சோப்பு இருக்கிறது தெரியும். ஒங்க தம்பிக்குத்தான் தெரியாது" என்றார். நான் அழுதேனா சிரித்தேனா என்று இன்றைக்கும் அண்ணனும் மதினியும் சண்டை போடுவார்கள். இரண்டும்தான். அந்தச் சோப்புக் கட்டியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன் என்பது மட்டும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

விஜயதசமி காலையில் இரவல் கம்ப்யூட்டரில் இளையவனை மாட்டினோம். கடைசியாகக் காப்பி எடுத்த பிறகு செய்த நாலு நாள் வேலை மட்டும்தான் போயிருந்தது. தலைதீபாவளிக்கு நானும் மதினியும் நேரில் போய் டிவியில் போட்டுக் காட்டினோம். அந்த அம்மா சுவரில் சாய்ந்து கால்நீட்டி உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் மகள், மறுபக்கம் மருமகன். கெட்டிமேளம் ஆரம்பித்ததும் நிமிர்ந்தார். "இந்த எடத்துலதான் அன்னைக்கு நின்னுபோச்சு" என்று மகள் கையை இறுகப் பிடித்தார். படம் நிற்கவில்லை. முதுகு விலகியது, மாப்பிள்ளை குனிந்தார், மூன்று முடிச்சும் விழுந்தது. அந்த அம்மா நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டார் பாருங்கள், தெருவே திரும்பிப் பார்த்தது! பக்கத்து வீட்டுப் பெண்கள் பட்டாசைப் போட்டுவிட்டு ஓடிவந்து, விஷயம் என்னவென்று கேட்காமலே கூடச் சேர்ந்து குலவை போட்டார்கள். மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கேமராவ எடுங்க தம்பி, இதையும் எடுங்க" என்று என் தோளில் அடித்தார். எடுத்தேன். இப்போதும் புது டிஸ்க் வாங்கினால் முதலில் அதில் ஏற்றுவது அந்தக் குலவையைத்தான்.

அண்ணன் வேலை மாறி, அவர்கள் ஓசூருக்குப் போய் நாலு வருஷம் ஆகிறது. இன்றைக்கு எத்தனையோ வசதி வந்துவிட்டது, எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றிவிடலாம் என்கிறார்கள். ஏற்றுகிறேன். ஆனாலும் வேறு வேறு கடையில், வேறு வேறு கம்பெனியாக இரண்டு டிஸ்க் வாங்குவதை விடவில்லை. அந்தந்த வருஷத்து மூத்தவன் காளவாசலில் இருக்கிறான், இளையவன் பார்சலில் ஓசூர் போய் அதே கல்யாணப் பட்டுக்கு அடியில் படுத்திருக்கிறான். போன வாரம் போன் செய்து, "மதினி, இந்தத் தடவை கடைய மாத்துன புது மாடியில பூஜை. இளையவன் ஒருத்தன் மட்டும் இல்லாம நல்லா இருக்காது, அனுப்பி வைங்க" என்று கெஞ்சினேன். ரொம்பச் சமத்தாக, "சரி தம்பி, அனுப்புறேன்" என்றார்.

எழுதி முடித்துவிட்டேன். இப்போது கயிற்றை வெட்டிப் பெட்டியைத் திறக்கிறேன். அறை முழுக்கச் சோப்பு வாசனை. இரண்டு நீலக்கட்டி, ஒன்றின் ஓரம் அளவாகச் சீவியிருக்கிறது.